வெள்ளிக் கோடு

எண்பதுகளில் எங்கள் வீட்டு ரேடியோவுக்கு நாலு பேட்டரிக் கட்டை வேண்டும். அப்பா கிள்ளையிலிருந்து கடலுக்குப் போகிறவர். புதுச்சேரி வானொலியில் வானிலை கேட்காமல் வலையைத் தொட மாட்டார். கட்டை தீர்ந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

"இத கரண்டுல ஓட வைக்க முடியாதாடா?"

மீட்டர்கேஜ் பாசஞ்சரில் சிதம்பரம் போனேன். 4.5-0-4.5 டிரான்ஸ்பார்மர் ஒன்று, 1000 மைக்ரோ கண்டன்சர் ஒன்று, 4007 டயோடு இரண்டு வாங்கி வந்தேன். டயோடு மிளகை நீட்டிவிட்டாற்போல் கறுப்பாக இருக்கும். இரு பக்கமும் கம்பி, ஒரு முனையில் வெள்ளிக் கோடு. கோட்டுப் பக்கமாக மின்சாரம் வெளியேறும், அந்த வழியே திரும்பி வராது. 1 ஆம்பியர் வரை விடும். எதிர்த்து வருவதை 1000 வோல்ட் வரை தடுக்கும். விடும்போது சுமார் 0.7 வோல்ட்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும்.

அவசரத்தில் ஒன்றைத் திருப்பி வைத்து ஈயம் வைத்துவிட்டேன். இரண்டு டயோடும் சேர்ந்து டிரான்ஸ்பார்மரை ஷார்ட் ஆக்கிவிட்டன. வார்னிஷ் கருகும் வாசனை வந்ததும் அப்பா பிளக்கைப் பிடுங்கினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுபடி ரயிலுக்குக் காசு கொடுத்தார். இரண்டாம் முறை ரேடியோ பாடியது, கூடவே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். நொடிக்கு 50 சுற்றாக வரும் கரண்டின் இரு பாதியும் நேராகி, 100 மேடாக விழுகிறதல்லவா, அந்தச் சத்தம். இன்னொரு கண்டன்சர் போட்ட பிறகுதான் வானிலைக் குரல் தெளிந்தது.

இன்று மகன் வீட்டு மாடியில் சோலார் தகடு. அது தருவதே நேர் மின்சாரம். இன்வெர்ட்டர் அதை 230 வோல்ட் மாறு மின்சாரமாக்குகிறது. எல்இடி பல்புக்குள் நாலு டயோடு உட்கார்ந்து மறுபடி நேராக்குகின்றன. அன்று நாங்கள் ரயிலேறித் தேடிப் போன நேர் மின்சாரம் கூரையிலேயே கிடைத்தும், இவ்வளவு சுற்றுகிறது.

போன மாதம் ஒரு பல்பு போனது. "தூக்கிப் போடுங்கப்பா, புதுசு வாங்கிக்கலாம்" என்றான். மனசு கேட்கவில்லை, திறந்து பார்த்தேன். கருகியிருந்தது ஒரே ஒரு எல்இடி மணி. டயோடு நாலும் நல்லவை; உப்புக் காற்றில் கால்கள் மட்டும் கறுத்திருந்தன.

ஒன்றைக் கழற்றி, கால்களைச் சுரண்டி எடுத்துக்கொண்டேன். தம்பியின் படகில் ஜிபிஎஸ் கருவிக்குப் போகும் பிளஸ் ஒயரில் அதை வைத்தால், இருட்டில் யாராவது பேட்டரியை மாற்றி மாட்டினாலும் கருவி தப்பிக்கும். ஈயம் வைப்பதற்கு முன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோடு எந்தப் பக்கம் என்று இரண்டு முறை பார்த்தேன்.