டைம்டேபிள் தம்பி

பிளஸ் டூ மாணவர்களில் மூன்று ரகம் உண்டு. படிக்கிறவர், படிக்காதவர், படிப்பதற்கு டைம்டேபிள் போடுகிறவர். முதல் இரண்டு ரகத்தாரால் வீட்டுக்குப் பெரிய செலவில்லை. மூன்றாமவர் மாதம் ஒருமுறை ஸ்டேஷனரிக் கடைக்குப் போய் சார்ட் பேப்பர், ஆறு கலர் ஸ்கெட்ச், ஹைலைட்டர், முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல், செலோடேப் எல்லாம் வாங்கி வருவார். பாடப் புத்தகத்துக்கு மட்டும் செலவே இருக்காது. ஜூனில் கொடுத்த புத்தகம் ஜனவரியிலும் அச்சகத்து வாசனையோடு இருக்கும்.

டைம்டேபிள் போடுவதற்கு உகந்த நேரம் ஞாயிற்றுக்கிழமை மாலை. கதவு சாத்தப்படும். டிவி சத்தம் குறைக்கப்படும். பிள்ளை ஏதோ பெரிதாகச் செய்கிறான் என்று அம்மா ஒரு டம்ளர் பூஸ்ட் கொண்டுவந்து வைப்பார். தம்பி முதலில் கோடு போடுவார். கோடு லேசாகச் சாய்ந்திருந்தால் சார்ட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் ஆரம்பிப்பார். இயற்பியலுக்குச் சிவப்பு, வேதியியலுக்குப் பச்சை, உயிரியலுக்கு நீலம். உச்சியில் இருபுறமும் நட்சத்திரம் வைத்து ‘எய்ம் 600’. அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில் ‘நீட் 720’. மூன்று மணி நேரம் குனிந்த தலை நிமிராது. அந்த மூன்று மணி நேரம் புத்தகத்தைப் பார்த்திருந்தால் ஒரு பாடமே முடிந்திருக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லக்கூடாது. அப்பா மட்டும் சொல்லுவார்.

“கோலம் போட்டது போதும். இப்பவாவது புஸ்தகத்தை எடுடா.”

“நாளையிலிருந்துப்பா. திங்கட்கிழமை.”

அட்டவணையைப் படித்துப் பார்த்தால் ஒரு மாமனிதரின் நாள் கண்முன் விரியும். காலை 4.00 முதல் 4.05 வரை எழுந்திருத்தல். 4.05 முதல் 4.15 வரை பல் துலக்கல். 4.15 முதல் 6.15 வரை இயற்பியல். 6.15 முதல் 6.30 வரை உடற்பயிற்சி, தியானம். குளிக்கும்போது ஃபார்முலா, சாப்பிடும்போது ஒன் வேர்ட், பஸ்ஸில் புக் பேக், இரவு தூங்கப் போகுமுன் அன்றைக்குப் படித்த அத்தனையும் ஒரு ரிவிஷன். எல்லாவற்றையும் கூட்டினால் இருபத்தேழு மணி நேரம் வரும். கேட்டால், சில வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும் என்று விளக்கம் கிடைக்கும். பல் துலக்குவதும் தூங்குவதும் ஒரே நேரத்தில் நடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். மற்றவை இனிமேல்தான் நடக்க வேண்டும்.

நாலு மணி அலாரம் என்பது அந்த வீட்டில் ஒரு குடும்ப நிகழ்ச்சி. ஒரு அலாரத்தை நம்ப முடியாது என்று 4.00, 4.05, 4.10 என்று வரிசையாக வைத்திருப்பார். முதல் அலாரத்தில் தாத்தா எழுந்துவிடுவார். இரண்டாவதில் அம்மா. மூன்றாவதில் பக்கத்து வீட்டுக்காரர். நாலரைக்கு தாத்தா பல் துலக்கி முடித்து, திண்ணையில் கால் நீட்டி மடக்கி, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தம்பி எழுதிய டைம்டேபிளை ஒரு நாள் விடாமல் கடைப்பிடிப்பவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். அவருக்குச் சர்க்கரை குறைந்திருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். தம்பி ஆறே முக்காலுக்கு எழுந்து, “ஏம்மா என்னை எழுப்பல?” என்று கோபித்துக்கொள்வார். அன்றைய நாள் கெட்டுவிட்டது. கெட்டுப்போன நாளில் படிக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. அடுத்த திங்கட்கிழமைதான்.

இந்தத் திங்கட்கிழமை விஷயத்தில் அவர் பஞ்சாங்கம் பார்க்கிற பெரியவர்களைவிடக் கறார். வெறும் திங்கள் சுமார். மாதத்தின் ஒன்றாம் தேதி நல்லது. ஒன்றாம் தேதியே திங்கட்கிழமையாக வந்தால் அது மகா உத்தமம். 2025-26 கல்வியாண்டில் ஜூன் முதல் மார்ச் வரை இந்தச் சேர்க்கை இரண்டே முறைதான் வந்தது: செப்டம்பர் 1, டிசம்பர் 1. செப்டம்பரில் ஆரம்பித்தார், காலாண்டுத் தேர்வு வந்து குறுக்கே நின்றது. டிசம்பரில் ஆரம்பித்தார்; அரையாண்டு. பரீட்சை என்கிற ஒன்று இல்லாவிட்டால் தம்பி எப்போதோ படித்து முடித்திருப்பார்.

ஒவ்வொரு புது டைம்டேபிளும் முதல் பாடத்திலிருந்துதான் தொடங்கும். பழைய டைம்டேபிள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவது அவருக்கு மரியாதைக் குறைவு. அதனால் இயற்பியலில் நிலைமின்னியல் என்ற முதல் பாடத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது. கூலூம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார் (எழுப்ப முடிந்தால்). அந்தப் புத்தகத்தில் மொத்தம் 11 அலகு. கடைசி அலகு இயற்பியலின் அண்மைக்கால வளர்ச்சிகளைப் பற்றியது. அண்மைக்காலம் வரை தம்பி வந்து சேர்ந்ததே இல்லை.

இனி அவருடைய சொந்த வாழ்க்கை. அதற்கும் சார்ட்டில் இடம் இருக்கிறது. இரவு 9.00 முதல் 9.15 வரை, மஞ்சள் நிறம், ‘ரிலாக்ஸ்’. மொத்த அட்டவணையில் அவர் நேரம் தவறாமல் ஆரம்பிக்கும் ஒரே வேலை இதுதான். ஒன்பது அடிக்கும்போது கையில் போன் இருக்கும். முடிவுதான் கொஞ்சம் முன்பின் ஆகும், பத்தே முக்கால் வாக்கில். அதையொட்டி ஊதா நிறத்தில் ‘டவுட் கிளியரிங்’ என்று இன்னொரு கட்டம். உடன் படிக்கும் பெண்ணுக்கு போன் போட்டுச் சந்தேகம் கேட்பார். வேதியியலில் சந்தேகம் வந்தால் நியாயம். இவருக்குத் தமிழ்ப் பாடத்தில் இத்தனை சந்தேகம் எப்படி வருகிறது என்று அம்மாவுக்கு ஒரு சந்தேகம். அதை அவர் யாரிடமும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து அறையைப் பெருக்க வருவார், அவ்வளவுதான்.

சொந்தபந்தங்களின் கல்யாணம் வரும். “எல்லாரும் போய்ட்டு வாங்க, எனக்குப் படிக்கணும்” என்பார். குடும்பமே உருகிவிடும். அத்தை மண்டபத்தில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்துவார்: “சொந்த அத்தை மக கல்யாணம்! புள்ள வரல பாருங்க, அவ்வளவு படிப்பு.” அந்த ஒரு நாளுக்கென்றே தனி டைம்டேபிள் போட்டிருப்பார் தம்பி. வீட்டில் ஆளில்லை, சத்தமில்லை. ஐபிஎல் மேட்ச் பார்க்க அதைவிடத் தோதான நாள் கிடைக்குமா? இதில் நஷ்டம் ஒன்றே ஒன்று, கல்யாணச் சாப்பாடு. அதற்காக அவர் உண்மையிலேயே வருந்துவார்.

வருகிற மாமாக்களில் பழைய 1200 மார்க் காலத்தவர் ஒருவர் இருப்பார். மொத்த மதிப்பெண் 600 ஆகிச் சில வருஷங்கள் ஆனது அவருக்குத் தெரியாது.

“எவ்வளவு எய்ம் வெச்சிருக்க மாப்ளே?”

“590 மாமா.”

“ஏண்டா, பாதிகூட வராதா?”

தம்பி பதில் சொல்லாமல் உள்ளே போய்ப் புது சார்ட் எடுப்பார்.

அறிவியல் முறைகளும் அவருக்குத் தெரியும். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர் தாம் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று ஒரு முறையை வகுத்தார். தம்பி அதைப் பற்றிய வீடியோக்களை ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்தார். மறுநாள் முறை அமலுக்கு வந்தது. முதலில் ஓய்வு. அம்மாவிடம் தக்காளிக் கடிகாரம் வேண்டுமென்று கேட்டதில், “தக்காளி வாங்கவே யோசனையா இருக்கு, இதுல கடிகாரம் வேறயா?” என்று பதில் வந்தது. முறை அத்தோடு நின்றது.

தம்பியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், கனடாவின் கல்லூரி மாணவர்களிடம் இறுதியாண்டு ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால்? 49 நாள் என்றார்கள். முடிக்க ஆனதோ 55 நாளுக்கும் மேல். அந்த மாணவர்கள் படித்த பாடம் உளவியல். மனத்தைப் பற்றியே படிக்கிறவர்களுக்கு மனம் இப்படி அல்வா கொடுக்கிறதென்றால், நிலைமின்னியல் படிக்கிறவர் என்ன செய்வார்?

டைம்டேபிள் தங்கச்சி என்றும் ஒரு ரகம் உண்டு. எழுத்து இன்னும் அழகாக இருக்கும். ஓரத்தில் பூங்கொடி ஓடும். வித்தியாசம் ஒன்றுதான். அவர் டைம்டேபிளில் எழுதியிருப்பதற்கும் நடப்பதற்கும் இடையே வீடு புகுந்துகொள்ளும். ‘5.30 – 7.00 கணிதம்’ என்று எழுதியிருக்கும் நேரத்தில் வாசல் தெளிப்பார், குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போவார், அண்ணனுக்கு டிபன் பாக்ஸ் கட்டுவார். இந்த வேலைகளில் ஒன்றுக்குக்கூடச் சார்ட்டில் கட்டம் கிடையாது. அண்ணனுடைய டைம்டேபிளில் உள்ளது எதுவும் நடக்காது. தங்கையின் டைம்டேபிளில் இல்லாதது எல்லாம் நடக்கும். அப்படியும் ரிசல்ட் வருகிற நாளில் வருஷா வருஷம் மாணவர்களைவிட மாணவிகளின் தேர்ச்சி விகிதம்தான் அதிகம். எப்படி என்று ஆராய்ச்சி செய்ய அண்ணனுக்கு ஆர்வம் உண்டு. திங்கட்கிழமை தொடங்குவார்.

தம்பி ஏன் இப்படி? சோம்பேறி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் சோம்பேறி மூன்று மணி நேரம் குனிந்து கோடு போடமாட்டான். அவர் நாளைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். அதைப் போட்டது பள்ளிக்கூடம். ஒன்பது முதல் நாலரை வரை எட்டுப் பீரியட், போட்டது ஹெட்மாஸ்டர். ஐந்தரை முதல் எட்டு வரை டியூஷன். நேரம் சொன்னது டியூஷன் சார். ஞாயிற்றுக்கிழமைப் பகலை நீட் மாடல் டெஸ்டுக்கென்று கோச்சிங் சென்டர் எடுத்துக்கொண்டது. என்ன குரூப் என்பதைப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று அப்பா முடிவு செய்தார். டாக்டர் என்பதைத் தம்பி பிறந்த அன்று பாட்டி முடிவு செய்தார். நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு மிச்சமிருக்கிற நேரத்தையும் வார்டனின் மணி எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அங்கே டைம்டேபிள் கலை வளரவில்லை. வீட்டிலிருந்து படிக்கிற தம்பிக்குச் சாப்பாடு, தூக்கம் போக ராத்திரியில் இரண்டு மணி, விடியற்காலையில் இரண்டு மணி மிஞ்சுகிறது. யாரும் பெயர் எழுதாத நேரம் அது ஒன்றுதான். அதற்கு ஆறு கலர் அடிக்காமல் அவர் என்ன செய்வார்? கால் மணி நேர ரிலாக்ஸை அவரே கேட்டு அவரே சாங்ஷன் செய்துகொள்கிறார். அவர் கேட்டு உடனே கிடைக்கிற ஒரே விஷயமும் அதுதான்.

அதையும் விட்டுவைக்கிறார்களா? சார்ட் சுவரில் ஏறிய மறுநாளே அப்பா ஒரு பால்பாயின்ட் பேனாவால் மஞ்சள் கட்டத்தை அடித்து ‘இங்கிலீஷ் கிராமர்’ என்று எழுதிவிடுவார். டைம்டேபிள் தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

மார்ச் வரும், போகும். எய்ம் 600, வருவது நானூற்றுச் சொச்சம். பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்துவிடும். அங்கே அரியர் டைம்டேபிள், கேட் டைம்டேபிள், பிளேஸ்மென்ட் டைம்டேபிள். பிறகு பெங்களூரில் ஓர் ஐடி கம்பெனி. சேர்ந்த இரண்டாவது வருஷம் மேலதிகாரி இவருடைய எக்ஸெல் ஷீட் ஒன்றைத் தற்செயலாகப் பார்ப்பார். ஆறு கலர், நேர் கோடு, யார் எதை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று நிமிஷக் கணக்கு. அன்றோடு தம்பி புராஜெக்ட் பிளானர். டைம்டேபிள் போடுவது மட்டும்தான் அவர் வேலை. அதன்படி நடக்க வேண்டியது வேறு டீம். மாதச் சம்பளம் தருகிறார்கள், இன்கிரிமென்ட்டும் உண்டு. இவ்வளவு நாள் இதை இலவசமாகச் செய்தோமே என்று நினைத்து அவருக்கே ஆச்சரியம்.

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வருகிறவர், பிளஸ் டூவுக்கு வந்துவிட்ட தங்கையைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்.

“இங்க பார், சும்மா படிச்சா போதாது. முதல்ல ஒரு டைம்டேபிள் போடணும்.”

தங்கை கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுச் சொல்லுவாள்: “எனக்கு நேரமில்லண்ணா. நீ போட்டு வை, நான் படிச்சுக்கறேன்.”