ஏழாவது வளைவில் நின்ற பஸ்

கரண்டு போனால் ஊரே சேர்ந்து ‘ஓ’வென்று கத்துகிற காலம் ஒன்று இருந்தது, உங்கள் ஊரிலும் இருந்திருக்கும். சித்திரபுரத்தில் அந்தச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல், 1940-ல் ஓடத் தொடங்கியது, எங்கள் ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாளின் பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மலைச்சரிவில் இறங்கும் பெரிய குழாய்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அந்தக் குழாய்த் தண்ணீர்தான் எங்கோ தூரத்து ஊர்களில் விளக்காக எரிகிறது என்று அப்பா சொல்லியிருந்தார். ஆனாலும் சாயங்காலம் மின்வெட்டு வந்தால் அந்த அரைமணி நேரம் எங்கள் குவார்ட்டர்ஸ் திண்ணையும் இருட்டில்தான் கிடக்கும்.

அந்த இருட்டில்தான் நான் ஹாரி பாட்டரைக் கேட்டேன். படித்தேன் என்று சொல்ல முடியாது. 2001-ம் வருஷத்துக் கோடை விடுமுறை, எனக்குப் பத்து முடிந்து பதினொன்று நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா மதுரையில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வரும்போது பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கிய, முதுகு ஒடிந்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். 1997 ஜூன் 26-ல் லண்டனில் ப்ளூம்ஸ்பரி அதை வெளியிட்டபோது கெட்டி அட்டையில் அச்சடித்தது 500 பிரதிகள்தான் என்பதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. நான்கே வருஷத்தில் அதன் காகித அட்டைப் பிரதி ஒன்று போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு தாண்டி எங்கள் திண்ணைக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. புத்தகத்திலும் பதினேழு அத்தியாயம்தான்.

கேட்க உட்கார்ந்தவர்கள் ஐந்து பேர். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் நானும் இன்னொருத்தனும். பக்கத்து எஸ்டேட் லயத்திலிருந்து வரும் அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்கள் தாத்தா காலத்தில் சங்கரன்கோவில் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். அப்புறம் தமிழ் நன்றாகப் புரிகிற, பேசும்போது மட்டும் மலையாளத்துக்கு வழுக்கிவிடுகிற ஒரு மலையாளிப் பையன். சனிக்கிழமைக்கு ஓர் அத்தியாயம். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் அக்கா ஒரு பத்தியை மனசுக்குள் படித்து, கண்ணை மூடி, அப்புறம் தமிழில் சொல்லுவார். மந்திரம் தெரியாத ஜனங்களுக்கு அவர் வைத்த பெயர் ‘வெறும் ஆளுக’. அந்தக் கிழட்டு மந்திரவாதி சாப்பிடும் எலுமிச்சை மிட்டாய் எங்களுக்குப் புளிப்பு மிட்டாய் ஆயிற்று. பெட்டிக் கடையில் கிடைக்கிற அதே மிட்டாய் என்று நம்பி, மறுவாரம் ஐந்து பேரும் வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் வந்தோம்.

முதல் அத்தியாயத்தில் அந்தக் கிழவர் ஒரு கருவியை எடுத்துத் தெருவிளக்கு பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக அணைப்பார். சொல்லி முடிப்பதற்குள் லயத்துத் தம்பி எழுந்து நின்றுவிட்டான். “யக்கா, அந்தத் தாத்தா கரண்டாபீஸ் ஆளு!” எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. வேறு யாரால் தெருவிளக்கை அணைக்க முடியும்? அன்றைக்கு ராத்திரி அப்பா டூட்டி முடித்து டார்ச்சோடு படியேறி வந்தபோது, அவர் சட்டைப் பையில் என்ன வைத்திருக்கிறார் என்று நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது யோசித்தால் ஒன்று விளங்குகிறது. அந்தக் கதையில் மாயம் என்று எழுதியிருந்த எதுவும் எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை. பாம்பு பேசுகிறதா, பேசட்டும். பூனை மனுஷி ஆகிறதா, ஆகட்டும். அம்புலிமாமாவில் வேதாளம் முருங்கை மரத்திலிருந்து இறங்கி வந்து கேள்வி கேட்பதைப் படித்த பிள்ளைகளுக்கு அதெல்லாம் பழகிய சங்கதி. விளங்காமல் போனவை சாதாரணச் சாமான்கள்தான். மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை, அதில் அந்தப் பையன் படுத்துக்கொள்கிறான் என்று அக்கா சொன்னபோது எங்களில் ஒருவருக்கும் அது பிடிபடவில்லை. எங்கள் வீட்டில் மாடி கிடையாது. லயத்தில் ஒரே வரிசையாக வீடு, தகரக் கூரை, முன்னால் ஒரு திண்ணை, அவ்வளவுதான். “பரண் மாதிரியாக்கா?” என்று கேட்டோம். இல்லை, பரண் மேலே இருக்கும், இது கீழே என்றார். அப்படியென்றால் கோழிக்கூடு என்று முடிவு செய்தோம். பெரியம்மா வீட்டில் கோழிக்கூட்டில் படுத்து வளர்ந்த அந்தப் பையன்மேல் எங்களுக்கு வந்த இரக்கம், எழுதிய அம்மையார் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இருந்திருக்கும்.

ஆந்தையில் வந்தது பெரிய சண்டை. ஆந்தை கடிதம் கொண்டுவருகிறது என்று அக்கா சொல்லும்போது உள்ளே சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் பாட்டி வெளியே வந்துவிட்டார். ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று நம்பிக் கல்லெறிந்து விரட்டிய தலைமுறை அது. “ஆந்தை கொண்டாந்த கடுதாசியப் பிரிக்கவா செய்தாங்க? தந்தியா இருக்கப்போகுது” என்றார். மூன்றாம் அத்தியாயத்தில் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் வந்து விழ, அந்தப் பெரியப்பன் குடும்பத்தோடு வீட்டை விட்டே ஓடுகிற இடம் வந்தபோது, பாட்டிக்கு அந்த மனுஷனின் பயம் முழுக்க நியாயமாக இருந்தது. கதை கேட்டவர்களிலேயே அவன் பக்கம் நின்ற ஒரே ஆள் அவர்தான்.

பதினோரு வயது நிறையும்போது கடிதம் வரும் என்பது மட்டும் எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. எனக்கும் ஜூலையில்தான் பிறந்தநாள். மழை கொட்டிக்கொண்டிருந்த அன்றைக்குத் தபால்காரர் நனைந்த குடையோடு வந்து ஒரு இன்லேண்ட் கடிதம் தந்துவிட்டுப் போனார். ஊரிலிருந்து மாமா எழுதியிருந்தார், அப்பாவின் பெயருக்கு, கொடை விழாவுக்கு வரி அனுப்பச் சொல்லி. அதை இரண்டு முறை படித்தேன், வேறு ஏதாவது பொருள் இருக்கிறதா என்று.

ரயில் வருகிற ஆறாம் அத்தியாயத்தைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் பேசினோம். லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் ஒன்பதேமுக்காலாம் பிளாட்பாரம், சுவருக்குள் புகுந்தால் ரயில் நிற்கும். இடுக்கி மாவட்டத்தில் ரயிலே கிடையாது. எங்களுக்குத் தெரிந்த ரயில் கீழே போடியிலிருந்து மதுரைக்குப் போகும் மீட்டர்கேஜ் வண்டிதான். ஆனால் மூணாற்றில் முன்பு ரயில் ஓடியது நிஜம் என்று லயத்து அண்ணன் சொன்னான், அவன் தாத்தாவுக்கு அவர் அப்பா சொன்னதாம். அவன் சொன்னது உண்மை. 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கிற வண்டியாகத் தொடங்கி, 1908-ல் நீராவி எஞ்சினுக்கு மாறிய குண்டளப் பள்ளத்தாக்கு ரயில் அது. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டிகள் போகும்; அங்கிருந்து கயிற்றுப் பாதையில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்குப் போகும். 1924 ஜூலையில், மலையாளக் கணக்கில் 1099-ம் ஆண்டானதால் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று இன்றும் சொல்கிறார்களே, அந்த வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. பிறகு யாரும் அதைத் திரும்பக் கட்டவில்லை. பழைய ஸ்டேஷன் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாக இன்னும் நிற்கிறது.

இந்தச் செய்தி எங்களை என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ரயில் இருந்தது, இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை, ஸ்டேஷன் மட்டும் இருக்கிறது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூணாற்றுச் சந்தைக்குப் போன அம்மாவோடு நானும் போய், அந்தக் கட்டடத்தின் கருங்கல் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. காவலர் ஒருவர் என்ன வேண்டும் என்று மலையாளத்தில் அன்பாகத்தான் கேட்டார். பதில் சொல்லாமல் ஓடிவந்துவிட்டேன்.

ஏழாம் அத்தியாயத்தில் பிள்ளைகள் தலையில் தொப்பி வைத்து எந்த வீட்டுக்கு என்று பிரிப்பார்கள். அக்கா அன்றைக்குத் தன் அப்பாவின் மங்கி குல்லாவை எடுத்துவந்து எங்கள் தலையில் ஒவ்வொன்றாக மாட்டினார். இந்த வீடு வேண்டாம் என்று அந்தப் பையன் கெஞ்சுகிறான், தொப்பி காது கொடுத்துக் கேட்கிறது என்று படித்தபோது லயத்து அண்ணன்தான் கேட்டான்: “கேட்டாக் குடுத்துருமாக்கா?” அவன் அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில், அதற்கு முந்தியவர்களும் எஸ்டேட்டில்தான், வேலை போனால் லயத்து வீடும் போகும். அந்த வயதில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருந்தது. குல்லாவை அவன் காது மூடும்வரை இழுத்துவிட்டு, “நீ கேட்டுப் பாரு” என்றார். அவன் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் ஏதோ முணுமுணுத்தான். என்ன கேட்டான் என்று இன்றுவரை சொல்லவில்லை.

அந்த அத்தியாயத்தில்தான் விருந்து நடக்கிறது. தலைப்பாகை கட்டிய ஒரு வாத்தியார், அவர் பக்கத்தில் வளைந்த மூக்கோடு இன்னொரு வாத்தியார். அந்தப் பக்கம் பார்க்கும்போது பையனின் நெற்றித் தழும்பு சுரீர் என்று வலிக்கிறது. அத்தோடு அக்கா புத்தகத்தை மூடினார். மறுவாரம் அவரைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர் மதுரைக்குத் திரும்பினார், புத்தகமும் போயிற்று. பதினேழு வளைவில் ஏழாவதிலேயே பஸ் நின்றுபோன மாதிரி.

அப்புறம் ஐந்து வருஷம் நாங்கள் அந்த ஏழு அத்தியாயத்தைத்தான் பேசினோம். பள்ளிக்கூடம் போகும் வழியில், ஆற்றில் குளிக்கும்போது, கட்டன் சாயாவுக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில். மூக்குக்காரனா, தலைப்பாகைக்காரனா? இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். மலையாளிப் பையன் கதையைத் தன் தங்கைக்கு மலையாளத்தில் சொல்ல, அவள் அதற்கு ஒரு எட்டாம் அத்தியாயம் கட்டி அனுப்பினாள். அதில் ரயில் டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கியது. நாங்கள் அதை ஏற்றுக்கொண்டோம். படம் இந்தியாவுக்கு வந்தது 2002-ல் என்று காதில் விழுந்தது, கண்ணில் படவில்லை. 2006-ல், ராஜமலையில் குறிஞ்சி பூத்த வருஷம், பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளி நூலகத்தில் முழுப் புத்தகம் கிடைத்தது. இரண்டே ராத்திரியில் முடித்தேன். முடித்த மறுநாள், சொல்லக் கூச்சமில்லை, எனக்கு அழுகை வந்தது. கதை நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் எங்கள் ஐந்து பேரின் கதை அன்றைக்கு நின்றுபோயிற்று.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. முதல் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்பே கைப்பேசியில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லித் தனக்கு எந்த வீடு என்று தெரிந்துகொண்டுவிட்டாள். யார் நல்லவர், யார் சாகப்போகிறார் என்பதும் தெரியும். யாருடைய தயவும் இல்லாமல் ஆங்கிலத்தில் கடகடவென்று படிக்கிறாள், பி.எஸ்.வி. குமாரசாமி மொழிபெயர்த்த தமிழ்ப் புத்தகமும் வீட்டில் இருக்கிறது. ஆந்தை அவளுக்கு அழகான பறவை. போடிக்கு அகல ரயில் 2023 ஜூனில் வந்துவிட்டது, சென்னைக்கே போகலாம். இதெல்லாம் நல்லதுதான், மனசாரச் சொல்கிறேன். அவள் கையிலிருக்கும் இதில் பாதி கிடைத்திருந்தால் லயத்து அண்ணன் இன்றைக்கு ஜீப் ஓட்டாமல் வேறு ஏதாவது ஆகியிருப்பான். சித்திரபுரம் முழுக்க இப்போது விருந்தினர் விடுதிகள், ராத்திரியெல்லாம் விளக்கு. கரண்டு போனாலும் இன்வெர்ட்டர் அடுத்த நொடி பிடித்துக்கொள்கிறது. யாரும் கத்துவதில்லை. “முடிவு தெரியாம அஞ்சு வருஷம் எப்படிப்பா இருந்தீங்க?” என்று மகள் கேட்டாள். சந்தோஷமாக இருந்தோம் என்றேன். அவள் நம்பவில்லை.

போன மாதம் அக்காவின் எண் கிடைத்தது. கோயம்புத்தூரில் இருக்கிறார். ஏழோடு ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “நானும் அதுவரைக்கும்தான்டா படிச்சிருந்தேன். ஒவ்வொரு வாரமும் அகராதியை வச்சுக்கிட்டு உங்களுக்கு ஒரு அத்தியாயம் முன்னால ஓடுவேன். கல்யாணத்துல புத்தகம் எங்கயோ போயிருச்சு. அப்புறம் படிக்கவே தோணல, படத்தையும் பாக்கல.”

தமிழ்ப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பினேன். எட்டாம் அத்தியாயம் ஆரம்பித்திருப்பதாக நேற்றுச் சொன்னார். சனிக்கிழமைக்கு ஒன்றுதான் படிப்பாராம். மூக்குக்காரனா தலைப்பாகைக்காரனா என்பதை அதனால்தான் இங்கே எழுதவில்லை. அக்கா இதைப் படிப்பார். உங்களுக்குத் தெரிந்திருந்தால் நீங்களும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.