மும்மாவா, மூன்று வீசமா?

கேள்வி: மூன்றின் கீழ் பதினாறு, மூன்றின் கீழ் இருபது. இதில் எது பெரியது? இருபதுதான் பெரிய எண், அதனால் 3/20 என்று அடித்துச் சொல்கிறான் மகன்!
– ஒரு வாசகி, பாண்டுப், மும்பை

பதில்: பாண்டுப் ஸ்டேஷனில் ஒரே வடாபாவை 20 பேர் பங்கிட்டால் துண்டு பெரிதாகுமா, சிறிதாகுமா? பையனையே கேளுங்கள்; பசி கணக்கை நேராக்கிவிடும்.

நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் மனப்பாடம் செய்த பின்னங்கள் இவை: 3/20 மும்மா, 3/16 மூன்று வீசம். ஒப்பிட ஒரே அளவுகோல் போதும்: 1/320, அதாவது முந்திரி. ஒரு மாவுக்கு 16 முந்திரி, ஒரு வீசத்துக்கு 20. ஆக மும்மா 48, மூன்று வீசம் 60. வென்றது 3/16!

காணி 4, அரைக்கால் 40, கால் 80 என்று எல்லாமே முந்திரியில் முழு எண்ணாகிவிடும். வரிசைப்படுத்த இதைவிட அழகான ஏணி ஏது? இன்றே சொல்லிக் கொடுங்கள்.