இரவல் மைக்ரோஸ்கோப்

கொலையாளியையே கண்டுபிடிக்கும் தடய அறிவியல் கூடம், கருவிகளை வாடகைக்கு எடுப்பது கௌரவக் குறைச்சல் இல்லையா?

எஃப்.பி.ஐ. ஆய்வுக்கூடம் கடை திறந்ததே இரவல் மைக்ரோஸ்கோப்பில்தான்! 1932 நவம்பரில், வாஷிங்டனில், ஒற்றை அறையில். அந்த அறையைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அங்கே கழுவுதொட்டி இருந்ததுதான். கேட்டிருந்த மைக்ரோஸ்கோப் வந்துசேரும்வரை பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனம் ஒன்றைக் கொடுத்து உதவியது.

தோட்டாக்களை ஒப்பிடும் மைக்ரோஸ்கோப் பல்லாண்டு உழைக்கும், வாங்கிவிடலாம். டி.என்.ஏ. கருவிகளுக்கோ புது மாடல்கள் வந்துகொண்டே இருக்கும், வாடகை தோது. ஆனால் கருவி மாறும்போதெல்லாம், அது சரியாக அளக்கிறதா என்று சோதித்து நிரூபித்த பிறகே வழக்கில் கைவைக்க வேண்டும். குறுக்கு விசாரணையில் வக்கீல் அந்தச் சோதனைப் பதிவேட்டைக் கேட்டால், வாடகைக்கு விட்டவரா வந்து கூண்டில் நிற்பார்?