பூட்டும் பூட்டும்

விண்டோஸ் இருக்கும் லேப்டாப்பில், உபுண்டுவை மட்டும் என்க்ரிப்ட் செய்து நிறுவப் பார்த்தேன். 'முழு டிஸ்க்கையும் அழிக்கவா?' என்கிறதே இன்ஸ்டாலர்?

மாடி அறைக்குப் பூட்டுக் கேட்டால், 'கீழ்வீட்டுக்காரரைக் காலி செய்யுங்கள்' என்கிறது! உபுண்டு 24.04-இல் முழு டிஸ்க்கையும் கொடுத்தால்தான் அந்த வசதி.

சரி, கொடுத்துவிட்டேன். இனி எல்லாமே பூட்டியாயிற்றா?

'பூட்' பகுதியைத் தவிர! பெயரில்தான் பூட்டு. கெர்னல் அங்கேதான் இருக்கிறது. கடவுச்சொல் கேட்கவே அந்தப் பகுதி திறந்திருக்க வேண்டும்.

கடவுச்சொல் மறந்துபோனால்?

தலைகீழாக நின்றாலும் திறக்காது. உபுண்டு என்க்ரிப்ட் செய்யப் பயன்படுத்தும் லக்ஸ் 2 (சோப்பு இல்லை, பூட்டு!) 32 சாவி வரை ஏற்கும், இன்ஸ்டாலர் கேட்பதோ ஒன்றே ஒன்று. இரண்டாவது சாவியை இன்றே சேர்த்துவிடுங்கள்.