கேள்வி - பதில்: பேனாவை எடுக்கும் முன்…

கே: டாக்டர் எப்படிச் சொன்னால் என்ன, விஷயம் ஒன்றுதானே?

ப: ‘நூறில் 90 பேர் பிழைக்கிறார்கள்’, ‘நூறில் 10 பேர் சாகிறார்கள்’. கணக்கு ஒன்று, காது மட்டும் வேறு வேறாகக் கேட்கும். 1982-இல் மெக்நீல், ட்வெர்ஸ்கி என்ற ஆய்வாளர்களின் குழுவினர் நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவையா, கதிர்வீச்சா என்று இப்படி இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்தார்கள். சாவைச் சொன்னதும் அறுவைக்கு மவுசு குறைந்தது. சறுக்கியவர்களில் டாக்டர்களும் உண்டு! இரண்டு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

கே: சிகிச்சை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. சம்மதம் முடிந்ததா?

ப: மை காய்ந்தது, அவ்வளவுதான்.

கே: நோயாளி மயக்கத்தில். வீட்டார் கையெழுத்துப் போட்டால் போதாதா?

ப: உயிர் ஊசலாடினால் சரி. இல்லையென்றால் சமீரா கோலி வழக்கைப் படியுங்கள். 1995, டெல்லி. 44 வயதுப் பெண், நோயைக் கண்டறியும் லேப்ராஸ்கோப்பிக்காகப் படுத்தார். மயக்கத்தில் இருந்தபோதே தாயாரிடம் ஒப்புதல் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அவசரம் இல்லை, விழிக்கும்வரை பொறுத்திருக்கலாம். 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: தாயின் ஒப்புதல் செல்லாது. பலன், ஆபத்து, மாற்று வழி, மறுத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளியிடமே சொல்ல வேண்டும். இழப்பீடு 25,000 ரூபாய். தீர்ப்பு பெரிது, தொகை அநியாயம்.

கே: பயப்படுவார்களே என்று ஆபத்தை மறைப்பது கருணை இல்லையா?

ப: பிரிட்டனில் சர்க்கரை நோயுள்ள ஒரு கர்ப்பிணிக்கும் இந்தக் ‘கருணை’ கிடைத்தது. பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு 9-10 சதவீதம். சொன்னால் சிசேரியன் கேட்பார் என்று டாக்டர் சொல்லவில்லை. தோள் சிக்கியது, குழந்தைக்கு மூளை வாதம். 2015-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தாய் பக்கம் நின்றது. எது முக்கியம் என்று தீர்மானிக்க வேண்டியது வயிற்றில் சுமப்பவர்.

கே: வாயைத் திறந்தாலே டாக்டர் குறுக்கிடுகிறாரே?

ப: 1984-இல் பெக்மன், ஃபிராங்கல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்தார்கள்: சராசரி 18 விநாடியில் நோயாளியின் பேச்சு வெட்டப்பட்டது. மயக்க மருந்தில்லாத முதல் அறுவை! கூட்டம் நெரிக்கிறது, அவருக்கும் நேரமில்லை, உண்மைதான். ஆனாலும் விடாதீர்கள். “டாக்டர், எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், சரியா பாருங்க” என்று உங்கள் வார்த்தையில் சொல்லிக் காட்டுங்கள். அவர் தலையாட்டிய பிறகு பேனாவை எடுங்கள்.