காலைப் பூட்டப் போறயா, அப்புனு?

பணம் உன்னுது அப்புனு, காலும் உன்னுது. நான் எதுக்குக் குறுக்க பேசோணும்? ஆனா வாடகை சைக்கிள் கடை வெச்சுப் பொழச்சவன் பேரன், பெடல் விக்கறவன் சொன்னதை அப்படியே முழுங்கிப்போட்டு வந்து நின்னா, இந்த அப்புச்சிக்கு ராத்திரி சோறு எறங்காதல்லோ. அதனால செத்த நேரம் உக்காரு. காசு கேக்க மாட்டேன், பயப்படாதே.

ஒரு காலு கீழ மிதிக்குமாம், இன்னொரு காலு மேல இழுக்குமாம், வேகம் ரெண்டு பங்காகுமாம். அப்படீன்னானா? கெட்டிக்காரன். அடுத்த சந்தைக்கு நம்ம கெழட்டு எருமையை அவன் கையில குடுத்து விக்கச் சொல்லோணும். வண்டி ஓடறதெல்லாம் கீழ மிதிக்கற மிதியிலதான் கண்ணு. மேல வர்ற காலு தன் பாரத்தைத் தானே தூக்கிக்கிட்டாலே அது பெரிய உதவி. காலைப் பெடலோட பூட்டறதுல லாபம் வேற எடத்துல இருக்குது. நிமிசத்துக்கு 90 சுத்து சுத்தறப்ப காலு நழுவாது, மழையில வழுக்காது, குழியில வண்டி குதிச்சாலும் பாதம் எடம் மாறாது, எந்திரிச்சு நின்னு தைரியமா மிதிக்கலாம். அது போதாதா? போதும். ரெண்டு பங்குங்கற கதையை உங்கப்பன்கிட்டப் பணம் வாங்கறப்ப மட்டும் சொல்லிக்கோ.

நான் உன்னைக் கேக்கறது வேற. மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ஏறுவேங்கற, சரி. 30 கிலோமீட்டருக்கு மேல மலை. ஆனா ஏறுறவன் ஏறிக்கிட்டேவா இருப்பான்? டீக்கடையில நிப்பே, ஒதுங்கப் போவே, கொரங்கு பிஸ்கட்டைப் புடுங்கினா தொரத்துவே, போட்டோ எடுக்கறேன்னு பாறை மேல நிப்பே. அந்தக் கணக்கை மொதல்ல போட்டுப்போட்டு அப்பறம் ஷூவைப் பாரு. மிதிக்கறதுக்கு எல்லா ஷூவும் நல்ல ஷூதான். எறங்கினதுக்கப்பறந்தான் அததோட யோக்கியதை தெரியும்.

இந்தச் சமாச்சாரம் பொறந்த கதையே எறங்கற கதைதான். முந்தியெல்லாம் ரேஸ்காரன் பெடல்ல ஒரு கூடு இருக்கும். அதுக்குள்ள முன்னங்காலை நுழைச்சு, தோல் வாரால இறுக்கிக்குவான். எறங்கோணும்னா குனிஞ்சு கையால வாரைத் தளத்தோணும். 1970-கள்ல இத்தாலியில சினெல்லி கம்பெனிக்காரன் கூட்டை எடுத்துப்போட்டு ஷூவையே பெடல்ல பூட்டினான். பூட்டு நல்ல பூட்டு. தொறக்கத்தான் மறுபடியும் குனிஞ்சு கையை விட்டு ஒரு கொண்டியைத் தட்டோணும். ஜனங்க அதுக்கு 'சாவுப் பெடல்'னு பேரு வெச்சுப்போட்டாங்க. பொறவு 1984-ல பிரான்ஸ்ல லுக்குங்கற கம்பெனி இந்தப் பெடல் வேலையில எறங்குச்சு. அவங்க தொழிலு பனிச்சறுக்குக் கட்டையில காலை மாட்டற கொண்டி. விழுந்தா கால் முறியாம தானா விட்டுக் குடுக்கற கொண்டி. அந்த வித்தையைப் பெடலுக்கு வெச்சாங்க, குதிகாலை வெளிய திருப்பினா டக்குனு விட்டுரும். வண்டி மாட்டுக்குப் பூட்டாங்கயிறு போடறவனும், மாடு சறுக்கி விழுந்தா ஒரே இழுப்புல அவுர்ற மாதிரித்தான முடி போடுவான்? அந்த முடிச்சுத்தான் இது. அடுத்த வருசமே, 1985-ல, பெர்னார் இனோ அதை மாட்டிக்கிட்டு டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சாரு. அவருக்கு அது அஞ்சாவது. நடுவுல விழுந்து மூக்கு ஒடஞ்சுது, அதுக்குப் பெடலைக் குத்தம் சொல்ல முடியாது.

என்ன முழிக்கற? உன் போனை நீ தூங்கறப்ப நான் சும்மா வெச்சிருப்பேன்னு நெனச்சயா?

இப்பக் கடையில ரெண்டு ரகம் பெருசா ஓடுது. ஒண்ணு மூணு ஓட்டை. ஷூவைக் கவுத்துப் பாத்தா அடியில முக்கோணமா ஒரு பிளாஸ்டிக் துண்டு, மூணு போல்ட்டு போட்டுப் பொடச்சுக்கிட்டு நிக்கும். க்ளீட்டும்பாங்க. அகலமானது, பாதத்துக்கு நல்ல ஊணு, சைக்கிள் மேல இருக்கற வரைக்கும் நீ ராசா. எறங்கினா குதிகால் தாழ்ந்து முன்பக்கம் தூக்கிக்கும். அதைப் போட்டுக்கிட்டு ஈரமான டைல்ஸ் மேல நடந்து காட்டு, டிக்கெட்டு போட்டே கூட்டத்தைக் கூட்டலாம். நடக்க நடக்கத் தேயும், தேஞ்சா மாத்தோணும், அதுக்கொரு காசு. பெடலும் ஒரு பக்கந்தான் பூட்டும். பின்பாரத்துல தொங்கி மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு நிக்கும், அங்க ஷூ முனையைக் கொண்டுபோய்ச் சொருகி மிதிக்கோணும். பச்சை லைட்டு விழுந்து, பின்னால டவுன் பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கறப்ப இந்த வேலையைப் பண்ணிப் பாரு, கொலதெய்வம் மொதக்கொண்டு கண்ணு முன்னால வந்து போகும்.

இன்னொண்ணு ரெண்டு ஓட்டை, எஸ்.பி.டி. ஷிமானோக்காரன் 1990-ல மலைச் சைக்கிளுக்குன்னு கொண்டாந்தது. சேத்துல எறங்கித் தள்ளிக்கிட்டு நடக்கறவனுக்கு ஆனது. சின்ன இரும்புத் துண்டு, ரப்பர் அடிக்குள்ள அமுங்கிக் கெடக்கும், நடந்தா தரையில ரப்பர்தான் படும். பல மாடல்ல பெடல் ரெண்டு பக்கமும் பூட்டும், குனிஞ்சு பாக்க வேண்டியதில்ல. ரோடு பைக்குல மாட்டலாமான்னு கேக்காதே, மரை ஒண்ணுதான். கூட வர்றவங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும். மேல போய்ச் சேந்து அவங்க கம்பத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கறப்ப, நீ போய் எல்லாத்துக்கும் டீ வாங்கியாந்து குடு. ப்ரெவேன்னு கெடு வெச்சு நெடுந்தூரம் ஓட்டறவங்களைப் பாத்திருக்கயா? 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம் கெடு. வழியில எறங்கி அட்டையில முத்திரை வாங்கோணும், சோறு திங்கோணும், தண்ணி புடிக்கோணும். அவங்கள்ல நெறையப் பேரு காலுல இந்த ரெண்டு ஓட்டைதான். நீ ரேஸுக்குப் போறவன்னா மூணு ஓட்டை வாங்கு, நான் மறிக்கல. ரேஸுக்குப் போறேன்னு சொல்லிக்கறவன்னா ரெண்டு ஓட்டை.

மூணுதான் வேணும்னு அடம் புடிச்சா, கலரைப் பாத்து வாங்கு. பூட்டின பொறவும் குதிகால் இத்துனூண்டு அங்கயும் இங்கயும் ஆடோணும், முட்டி பொழைக்கறது அந்த ஆட்டத்துலதான். ஷிமானோவுல மஞ்சள் 6 டிகிரி ஆடும், நீலம் 2, சிவப்பு ஆடவே ஆடாது. லுக் கியோவுல சிவப்புதான் நெம்ப ஆடறது, 9 டிகிரி. சாம்பல் 4.5, கருப்பு ஆடாது. கூட்டாளி சிவப்புப் போட்டிருக்கான், எனக்கும் சிவப்பு குடுங்கன்னு போய் நின்னயின்னா, அது எந்தக் கம்பெனிச் சிவப்புன்னு உன் முட்டி சொல்லும். ஒருத்தன் க்ளீட்டு இன்னொருத்தன் பெடல்ல பூட்டாது, அதையும் கேட்டுக்கோ. உனக்கு ஷிமானோ மஞ்சள். மங்களகரமாவும் இருக்கும்.

ஷூவைச் சாயங்காலம் போய் வாங்கு, நம்ம வெயிலுக்கு அப்பத்தான் பாதம் வீங்கி நெசமான அளவுல இருக்கும். ஓட்டறப்ப மாட்டற சாக்ஸையே மாட்டிக்கிட்டுப் போ. வெரலுக்கு முன்னால கொஞ்சம் எடம் இருக்கட்டும், குதிகால் மட்டும் தூக்கப்படாது. பக்கவாட்டுல நெருக்கினா பாதம் மரத்துப்போகும். நம்ம ஊட்டுக் காலு காட்டுல வெறுங்காலோட நடந்து அகலிச்ச காலு, அகலமான சைஸு இருக்கான்னு கேட்டு வாங்கு. கார்பன் அடி, திருகற டயலு இதெல்லாம் நாளைக்கு மாமனார் வாங்கிக் குடுத்தாப் போட்டுக்கோ. நீ மிதிக்கற மிதிக்கு நைலான் அடியே வளையாது.

மாட்டறப்ப, இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். தெரியும்ப. தெரிஞ்சவங்க பிச்ச மரையை வெச்சுத்தான் என் பொழப்பே ஓடுச்சு. கிரீஸ் தடவிப் போடு. பெருவெரலுக்கு அடியில இருக்கற முட்டு பெடல் அச்சுக்கு நேரா வர்ற மாதிரி க்ளீட்டை வை. நெம்ப தூரம் ஓட்டறதுன்னா கொஞ்சம் பின்னால தள்ளினாலும் தப்பில்ல. சரியான எடம் அமைஞ்சதும் அதைச் சுத்தி உங்கக்கா நெயில் பாலிஷால கோடு போட்டு வெச்சுக்கோ. அக்காளைக் கேட்டுப்போட்டு எடு. முட்டி வலிச்சா க்ளீட்டை ரெண்டு மில்லிமீட்டர் நகத்திப் பாரு, மாத்திரையை அப்பறம் தேடலாம்.

பூட்டோட பிடி எவ்ளோங்கறதுக்குப் பெடல்ல சின்ன ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும், மொதல்ல அதைத் தளத்தியே வை. செவுத்தைப் புடிச்சுக்கிட்டுப் பூட்டு, அவுறு, பூட்டு, அவுறு, நீ நெனைக்கறதுக்கு முன்னால குதிகால் தானா திரும்பற வரைக்கும். சிக்னல்ல வந்து நின்ன பொறவு அவுக்கறவன் விழுவான். வர்றதுக்கு முந்தியே ஒரு காலை அவுத்துப்போடு, அவுத்த பக்கமே சாயி. மறந்து பூட்டின பக்கம் சாஞ்சயின்னா, நின்ன வண்டியில, மெதுவா, ஊரே பாக்கற மாதிரி விழுவே. கையை நீட்டி ஊணிப்போடாதே, மணிக்கட்டு போயிரும்.

எப்படியும் ஒருக்கா விழத்தான் போறே. அதை ரோட்டுல வெச்சுக்காம நம்ம களத்துல, போர் ஓரமா வெச்சுக்கோ. வர்ற ஞாயித்துக்கெழமை வா. காலையில வேண்டாம், சாயங்காலமா வா. அப்பத்தான் உங்க அமுச்சி சோலியெல்லாம் முடிச்சுத் திண்ணையில உக்காந்திருப்பா. அவளும் சினிமா பாத்து நெம்ப நாளாச்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்கறா.